மாக்கோழியும் மண்ணுருவும்: இரண்டு சமணக் காப்பியங்களும் இன்றைய சோயாக் கறியும்

யசோதர காவியத்தை இப்படியொரு காரணத்துக்காக மறுபடி கையில் எடுப்பேன் என்று நான் எண்ணியதில்லை. சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, கடை அடைக்கிற நேரம். என் மகன் ஒரு விலைப்பட்டியலையும் ஒரு அட்டைப் பெட்டியையும் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தான். "அப்பா, ஒரு கம்பெனிக்காரங்க டீலர்ஷிப் தர்றேங்கறாங்க. சோயாவுலயும் பட்டாணியிலயும் செய்யற கறி. அசல் கோழி மாதிரியே இருக்குமாம். ஃப்ரீஸர் அவங்களே குடுத்துடுவாங்க" என்றான். நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, "சைவம்தான்ப்பா, பச்சைப் புள்ளி போட்டிருக்கு பாருங்க" என்று பெட்டியைத் திருப்பிக் காட்டினான்.

நாலு நாள் பொறு என்றேன். அப்போது தசலட்சண பருவம் நடந்துகொண்டிருந்தது. தில்லியில் இருக்கும் எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடியிருந்தபோது பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னேன். கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், "மாக்கோழி வெட்டினவன் என்ன ஆனான்னு உனக்குத் தெரியாதா? எத்தனை பிறவி எடுத்து அலைஞ்சான்? இதுவும் அந்த மாக்கோழிதான்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பேச்சு அங்கேயே முடிந்தது. எனக்கு மட்டும் தலை ஆடவில்லை. பெரியவர் சொன்ன கதை சரி. அந்தக் கதையிலிருந்து அவர் எடுத்த தீர்ப்பு சரியா என்பதே என் ஐயம். அந்த ஐயத்தின் விளைவே இக்கட்டுரை.

நான் கல்லூரி வாசலை மிதித்தவனல்லன். திண்டிவனத்துக்கும் வந்தவாசிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரிலிருந்து வந்து நாற்பது ஆண்டாக இங்கே நயா பஜாரில் பருப்பும் பயறும் விற்கிறேன். ஜெயின் என்று சொன்னால் ராஜஸ்தானத்தில் எந்த ஊர் என்று கேட்பார்கள். நயினார், தமிழ்ச் சமணர் என்றால் நம் சங்கத்திலேயே சிலர் விழிப்பார்கள். சிந்தாமணியும் சூளாமணியும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஐயா என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவேன். ஆகவே புலமை என்று எதையும் இங்கே எதிர்பார்க்க வேண்டாம். தராசு பிடித்த கை என்பதால் இரண்டு தட்டையும் பார்க்கும் பழக்கம் உண்டு, அவ்வளவே.

முதலில் கதை. உஞ்சை நகரத்து அரசன் யசோதரன். தன் தேவி அமிர்தமதி யானைப்பாகன் ஒருவனின் பாட்டில் மயங்கி அவனிடம் போவதைக் கண்ணால் காண்கிறான். வெறுப்புற்ற அவன் அதை வெளியிடாமல், கெட்ட கனவு கண்டதாகத் தாய் சந்திரமதியிடம் சொல்கிறான். தாய், தேவிக்குப் பலி கொடு, தீங்கு நீங்கும் என்கிறாள். உயிர்க்கொலை செய்யேன் என்று மறுக்கிறான் மகன். அப்படியானால் மாவினால் ஒரு கோழி செய்து வெட்டு என்கிறாள். தாய் சொல்லைத் தட்டமாட்டாமல் வெட்டுகிறான். வெட்டும்போது அந்த மாக்கோழி உயிர்க்கோழிபோலவே குரலெழுப்புகிறது. பிறகு அமிர்தமதி இட்ட நஞ்சினால் தாயும் மகனும் இறந்து, மயிலும் நாயுமாகத் தொடங்கி விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்று, கடைசியில் கோழிகளாகப் பிறந்து, அறங்கேட்டபின் மனிதப் பிறவிக்கு மீள்கிறார்கள்.

இந்தக் கதை தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் சோமதேவ சூரி 959-ல் முடித்த யசஸ்திலகமும், கன்னடத்தில் 1209-ல் ஜன்னன் பாடிய யசோதர சரிதையும் இதையே சொல்கின்றன. கிரீஷ் கர்னாட் 1980-ல் இதை வைத்துக் கன்னட நாடகமே எழுதினார். மாக்கோழி என்பதே அதன் பெயர். அத்தனை பேரையும் அந்தக் கோழி விடாமல் துரத்தியிருக்கிறது. காரணம், கேட்பவர் எவருக்கும் முதலில் தோன்றுவது "இது நியாயமா?" என்பதுதான். மாவைக் கிள்ளியதற்கா இத்தனை தண்டனை?

ஔவை துரைசாமிப் பிள்ளை அவர்களின் உரையோடு நூலை மறுபடி படித்தபோது, சிறுவயதில் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. இந்தக் கதை நமக்குச் சொல்லப்பட்டதே அன்று. மாரிதத்தன் என்னும் அரசன் சண்டமாரி கோயிலில் உயிர்களை இணையிணையாகக் கட்டி வைத்துவிட்டு, மனித இணை ஒன்று வேண்டுமென்று அபயருசி, அபயமதி என்ற இளந்துறவிகளைப் பிடித்துவரச் செய்கிறான். வாளின்முன் நிற்கும் அந்தப் பிள்ளைகள் அஞ்சவில்லை. ஏன் என்று கேட்ட அரசனுக்குத் தங்கள் பழம்பிறப்பைச் சொல்கிறார்கள். அதுவே யசோதரன் கதை. அதாவது, கேட்பவன் உயிருள்ளவற்றை வெட்ட நிற்பவன். மாவை வெட்டிய எங்களுக்கே இந்தக் கதி, உயிரை வெட்டும் உனக்கு என்ன கதி என்பதே பேச்சின் போக்கு. தர்க்க நூலார் இதைக் கைமுதிக நியாயம் என்பார்கள். சிறியதைச் சொல்லிப் பெரியதை உணர்த்துவது. அந்தச் சிறியதைப் பிடித்துக்கொண்டு, மாவினால் கோழி செய்வதே காப்பியத்தின் முதற்குற்றம் என்று தீர்ப்பெழுதினால் மாரிதத்தன் கையிலிருந்த வாள் மறந்துபோகும்.

இன்னொன்றும் உண்டு. பெரியவருக்கு யசோதர காவியம் நினைவிருந்தது, நீலகேசி நினைவில்லை. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-ல் பதிப்பித்த அந்நூலின் தொடக்கத்தைப் பாருங்கள். பாஞ்சால நாட்டிலே அரசிக்கு மகன் பிறந்ததற்காகக் காளிக்குப் பலியிட மக்கள் உயிர்களை ஓட்டி வருகிறார்கள். அங்கே இருந்த முனிச்சந்திரர் என்ற சமண முனிவர் அவர்களிடம், மண்ணால் அந்த விலங்குகளின் உருவம் செய்து வையுங்கள், தேவிக்கு அதுவே போதும் என்கிறார். அவர்களும் கேட்கிறார்கள். பலி நின்றதால் சினந்த காளி, பழையனூர் நீலியை அவர்மேல் ஏவ, வந்த நீலியே முனிவரிடம் அறங்கேட்டு நீலகேசியாகிறாள். முழுக் காப்பியமும் அந்த மண்ணுருவிலிருந்துதான் கிளம்புகிறது!

ஆக ஒரு சமணக் காப்பியத்தில் மாவுருவம் வீழ்ச்சி; இன்னொரு சமணக் காப்பியத்தில் மண்ணுருவம் விமோசனம். எது நம் கொள்கை? முரண் என்று கடந்துபோகலாம். எனக்கு முரணாகப் படவில்லை. பாஞ்சால நாட்டார் ஆட்டையும் கோழியையும் கொல்ல வந்தவர்கள். மண்ணுருவம் அவர்களைக் கொலையிலிருந்து இறக்கிவிட்ட படி. யசோதரன் கொல்லேன் என்று சொல்லி ஏற்கனவே இறங்கி நின்றவன். மாவுருவம் அவனைத் திரும்ப மேலே ஏற்றிவிட்ட படி. பொருள் ஒன்றே, நடக்கிற திசை வேறு. போதாக்குறைக்கு, பாஞ்சாலத்தார் உருவத்தை வைத்தார்கள், யசோதரன் வெட்டினான். கொலையின் பயன் தனக்கு வரவேண்டும் என்று வாளை ஓங்கினான். சங்கல்பம் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். (ஆயுதபூஜையன்று கடை வாசலில் குங்குமம் தடவிப் பூசணிக்காய் உடைக்கிறோமே, அது எந்தக் கணக்கில் சேரும் என்று அன்பர்கள் வீட்டில் பேசிக்கொள்ளலாம். நான் உடைப்பதில்லை, உடைப்பவரோடு சண்டையும் இல்லை.)

இதை இன்றைய பெட்டிக்குப் பொருத்திப் பார்த்தேன். தினமும் கோழி தின்னும் பஞ்சாபி நண்பர் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் சோயாக் கறிக்கு மாறினால் அது முனிச்சந்திரரின் மண்ணுரு. தலைமுறை தலைமுறையாக ஊன் தொடாத வீட்டில் கோழி எப்படி ருசிக்கும் என்று அறிய அதே பெட்டியைப் பிரித்தால் அது யசோதரனின் மாக்கோழி. பெட்டியின்மேல் இருக்கும் பச்சைப் புள்ளி இந்த வேறுபாட்டைச் சொல்லாது.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் இது வெறும் சமய விசாரம். ஆனால் நீலகேசியும் குறளும் நம்மை அங்கே நிறுத்தவிடா. சந்தைக்கே இழுத்துப் போகும். நான் கொல்லவில்லை, விற்றதை வாங்கித் தின்றேன், பாவம் கொன்றவனுக்கு என்பது நீலகேசியில் பௌத்தர் தரப்பு. உங்கள் முனிவர் மயிற்பீலி வைத்திருக்கவில்லையா என்று எதிர்க்கேள்வியும் போடுகிறார்கள். பீலி மயில் தானே உதிர்ப்பது, ஊன் எந்த உயிரும் தானே உதிர்ப்பதன்று என்பது நீலகேசி தரப்பு. புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவரும் இதே வழக்கை எடுத்து, உலகம் தின்பதற்காக இதைச் செய்யாதிருந்தால் விலைக்கு ஊன் தருவாரும் இரார் என்று முடிக்கிறார். தின்பவனுக்குக் கொலைப் பாவமில்லை என்று வாதாடுவோருக்கு விடையாகவே பரிமேலழகர் இதற்கு உரை காண்கிறார். வள்ளுவர் சமணரா என்ற வழக்கை இங்கே இழுக்க மாட்டேன். தனியாகச் சந்தித்தால் விடவும் மாட்டேன்.

அந்தக் குறளில் ஒரு பாடபேதம். "கொல்லாது" என்று ஒரு பாடம். "கொள்ளாது" என்று ஒரு பாடம். லகரமா ளகரமா? பரிமேலழகர் கொண்டது லகரம். வியாபாரியாகிய எனக்கு ளகரமே உவப்பு. கொள்ளுதல் என்றால் வாங்குதல். உலகம் வாங்காவிட்டால் விற்பவன் இல்லை: வரத்தும் கிராக்கியும் பற்றி மண்டியில் தினம் பார்க்கிற உண்மையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு அடிக்குள் எனக்கு மிகவும் தொல்லை கொடுத்த சொல் அதுவன்று, "உலகு" என்பது. ஒருவன் வாங்காவிட்டால் என்று அவர் சொல்லவில்லை.

ஏன் தொல்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பருப்போடு கூடப் பதினோரு ஆண்டு நான் சோயாப் பிண்ணாக்குத் தரகும் பார்த்தேன். மண்டியில் டி.ஓ.சி. என்பார்கள். நூறு கிலோ சோயாவை ஆட்டினால் எண்ணெய் பதினெட்டு கிலோ. பிண்ணாக்கு எண்பது கிலோவுக்குக் கிட்ட. அந்தப் பிண்ணாக்கு போவது பெரும்பாலும் கோழித் தீவனத்துக்கு. பிராய்லர் கோழி ஒரு கிலோ எடை போட ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தீவனம் தின்னும். அதில் கால் பங்குக்கு மேல் சோயா. நான் சரக்கு எடுத்தது மாளவத்து ஆலைகளிலிருந்து. மாளவம் என்றால் பழைய அவந்தி. உஜ்ஜயினி என்றால் யசோதரனின் உஞ்சை. அந்த ஊர் மண்ணில் விளைந்ததைக் கோழிக்குப் போட்டுவிட்டு மாலையில் அந்த ஊர் அரசன் கதையைப் படித்துக்கொண்டிருந்தவன் நான். தொழிலில் தவிர்க்க முடியாமல் நேரும் இம்சை இல்லறத்தானுக்கு மன்னிக்கப்படும் என்று எங்கள் நூல்களில் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் வசதியாக ஒளிந்துகொண்டேன். 2021-ல் பிண்ணாக்கு விலை எகிறி, கோழிப் பண்ணையார் கூச்சல் போட்டு, ஆகஸ்டில் மத்திய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாப் பிண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தது நினைவிருக்கும். அந்த ஆண்டுதான் எனக்குத் தரகு அதிகம் வந்தது. அடுத்த ஆண்டு விட்டுவிட்டேன். விட்ட அன்று மதியமே அந்த ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போயிற்று. ஒரு கோழிகூடப் பட்டினி கிடக்கவில்லை. ஒரு கோழிகூடப் பிழைக்கவும் இல்லை. உலகு என்ற சொல்லின் எடை அப்போது தெரிந்தது.

உலகத்தை மாற்றுவது எப்படி? பொருளாதார அமைப்பு என்று பெரியவர்கள் பேசுவதெல்லாம் எனக்கு இந்த ஒரு கேள்விதான். ஆணையால் மாற்றலாம் என்பது ஒரு வழி. நம் தில்லியிலேயே, கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் பிரோஸ்ஷா கோட்லாவில் அசோகர் தூண் நிற்கிறதே, எத்தனை பேர் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறோம்? டோப்ராவிலிருந்து பிரோஸ்ஷா துக்ளக் கொண்டுவந்த தூண். கொல்லக்கூடாத பறவை, விலங்குகளின் பட்டியல் அதில் இருக்கிறது. வேறெந்தத் தூணிலும் இல்லாத ஏழாவது சாசனமும் அதில்தான் இருக்கிறது. உயிர்களைக் கொல்லாமை உட்பட அறம் வளர்ந்தது கட்டளையால் சிறிதே, மனத்தை இணங்க வைத்ததால் மிகுதி என்று அந்தச் சக்கரவர்த்தியே கடைசியில் ஒப்புக்கொள்கிறார். பட்டியல் போட்ட கையே எழுதிய விமரிசனம் அது.

சோவியத் நாட்டில் நிலமும் பண்ணையும் பொதுவுடைமை. கசாப்புக்காரனுக்கு லாபம் என்ற ஒன்றே இல்லை. ஆயினும் 1957-ல் குருஷேவ், தலைக்கு இத்தனை இறைச்சி என்று அமெரிக்காவை முந்தப்போவதாக முழங்கினார். 1959-ல் ரியாஸான் பகுதிக் கட்சிச் செயலாளர் லாரியோனோவ் ஒரே ஆண்டில் மும்மடங்கு தருவதாக வாக்களித்து, கறவைப் பசுக்களையும் வெட்டிக் கணக்குக் காட்டினார். மறு ஆண்டு வெட்ட ஒன்றும் இல்லை. அவர் தற்கொலை செய்துகொண்டார். உடைமை யாருடையது என்பதை மாற்றினால் ஆசை மாறிவிடாது. நம் கூட்டுறவுப் பால் சங்கங்களை நான் மிக மதிக்கிறேன். ஆனால் பால் வற்றிய எருமை பிறகு எங்கே போகிறது என்று அவர்களிடம் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். பாலும் தயிருமாகச் சாப்பிடும் நானும் மாற்றுவேன்.

மற்றொரு வழி நம் தஞ்சைக்காரரான ஜே.சி. குமரப்பா காட்டியது. காந்தியடிகளின் முன்னுரையோடு 1945-ல் வந்த நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய நூல், ஜபல்பூர் சிறையில் எழுதியது. இயற்கையைப் பார்த்தே அவர் படிநிலைகள் வகுக்கிறார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி அடிநிலை. மாந்தோப்பில் புகுந்து தின்றுவிட்டு எதுவும் தராமல் போகும் குரங்கு அதற்கு மேல். உழைத்துத் தேடுவது அதற்கும் மேல். கூட்டுக்காகச் சேர்க்கும் தேனீ இன்னும் மேல். குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை உச்சி. பிராய்லர் கொட்டகையை அவர் பார்த்திருந்தால் புலிக்குக் கீழே ஒரு படி வெட்டியிருப்பார் என்பது என் எண்ணம். புலி தன் இரையை அடைத்து வைத்து வளர்ப்பதில்லை.

சோயாக் கறிக் கம்பெனியை இந்தப் படியில் எங்கே வைப்பது? 2024-25 பருவத்தில் சோயாவுக்கு அரசு ஆதார விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். அறுவடை நேரத்தில் மண்டியில் பல நாள் அதற்குக் கீழேயே ஓடிற்று. என் மகன் வைத்த விலைப்பட்டியலிலோ ஒரு கிலோ கறியின் விலை கடைக் கோழியைவிட அதிகம். இடையில் உள்ளது யாருக்கு? காப்புரிமைக்கு, குளிர்சாதன வண்டிக்கு, விளம்பரத்துக்கு, பங்குக்காரருக்கு. அமெரிக்காவில் பட்டாணியில் கறி செய்யும் பியாண்ட் மீட் நிறுவனத்தின் பங்கு 2019 மே மாதம் 25 டாலருக்கு வெளிவந்து ஜூலையில் 230 டாலரைத் தாண்டியது. 2025 அக்டோபரில் ஒரு டாலருக்கும் கீழே போனது. இதைக் கருணையின் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். இல்லை, சூதாட்டத்தின் தோல்வி. இம்பாசிபிள் ஃபுட்ஸ் என்ற இன்னொரு நிறுவனம், இரத்தச் சுவை தருவதற்காகத் தான் சேர்க்கும் பொருளை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்ததை 2017-ல் அதன் தலைவரே ஒப்புக்கொண்டு, வேறு வழியில்லாமல் போயிற்று என்று வருந்தி எழுதினார். படித்தபோது அந்த மாக்கோழி கூவியது என் காதில் கேட்டது.

ஆனாலும் குமரப்பா படியில் குரங்கு புலிக்கு மேலேதான் நிற்கிறது. குரங்கு திருடும், கொல்லாது. மறந்துவிடக்கூடாது.

தவிர, இந்தப் பொருளைக் கண்டுபிடித்தது அமெரிக்கா என்று நினைப்பதே பிழை. ஐம்பது விழுக்காட்டுக்கு மேல் புரதம் உள்ள சோயா உருண்டையை நம் பெண்கள் மீல் மேக்கர் என்று சொல்லிக் குருமாவில் போட்டுவருவது எத்தனை காலமாக! தில்லியில் எந்தத் தெருமுனையிலும் குச்சியில் சுற்றிய சோயா சாப் தந்தூரில் வேகிறது. காப்புரிமையும் இல்லை, பங்குச் சந்தையும் இல்லை. மாவும் சோயாவும் பிசைந்து சுற்றுகிறவர் அந்தத் தெருக்காரர். தின்கிறவரில் பாதிப்பேர் மறுநாள் கோழியும் தின்கிறவர்கள். இங்கே செவ்வாய்க்கிழமை ஊன் தொடாத குடும்பங்கள் பல. அந்த ஒரு நாளின் ஏக்கத்துக்கு சாப் துணை நிற்கிறது. அசோகர் சொன்ன இணக்கம், முனிச்சந்திரரின் மண்ணுரு, குமரப்பாவின் கைத்தொழில் மூன்றும் ஒரே குச்சியில் இருப்பதாக நான் சொன்னால் மகன் சிரிக்கிறான். "அப்போ நம்ம வீட்ல பேத்தி சாப்பிட்டா மட்டும் ஏன் தாத்தாவுக்குக் கோபம்?" என்று மருமகள் கேட்டாள். கோபமில்லை அம்மா, அவள் எந்தத் திசையில் நடக்கிறாள் என்று பார்க்கிறேன் என்றேன். அது அவளுக்கு விடையாகப் படவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

தசலட்சணம் முடிந்து பெரியவரைப் போய்ப் பார்த்தேன். நீலகேசியின் முதல் சருக்கத்தைப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "மண்ணுருவத்தை யாரும் திங்கலியேப்பா" என்றார். அந்தச் சொல்லுக்கு இன்றுவரை என்னிடம் முழுப் பதில் இல்லை. மண் நாவுக்கு எட்டாதது. சோயா நாவுக்காகவே செய்தது. தேவியை ஏமாற்றுவது எளிது, நாவை ஏமாற்ற இரத்தச் சுவை வரை போகவேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் பெரியவர் என்னைவிட நூலை நன்றாகப் படித்திருக்கிறார் என்றே ஒப்புக்கொள்கிறேன்.

மகனிடம் இரண்டு நிபந்தனை சொன்னேன். சரக்கு ஓட்டல்களுக்கும் தாபாக்களுக்கும் போகட்டும், கோழி வாங்குகிறவன் அங்கேதான் இருக்கிறான். நம் சங்கத்து வீடுகளுக்கு மாதிரிப் பாக்கெட் கொடுத்துப் பழக்காதே. எலிச் சோதனை செய்த சரக்கு எதுவானாலும் எடுக்காதே. முதலாவதற்கு முனகினான், இரண்டாவதற்கு உடனே சரி என்றான். ஃப்ரீஸர் வந்துவிட்டது. முன்பு பிண்ணாக்கு மாதிரி மூட்டைகள் இருந்த மூலையில் நின்று உறுமுகிறது. முதல் பெட்டியைப் பிரித்த அன்று கடைப்பையன் ஒரு துண்டை வறுத்துக் கொண்டுவந்தான். "ஒரு வாய் பாருங்கப்பா, விக்கிற பொருள் எப்படியிருக்குன்னு தெரிய வேணாமா?" என்றான் மகன். வியாபாரியிடம் அது நியாயமான கேள்விதான். வெளியே பார்த்தேன். பொழுது சாய்ந்துவிட்டது, இனி நான் சாப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.